எண்ணெய்த் தட்டைக் கழட்ட எஞ்சினை ஏன் தூக்கணும்?

கார் எஞ்சினுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறது. புத்தகத்தில் ஆயில் பேன் அல்லது ஆயில் சம்ப். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் ‘சேம்பர்’ என்றாலும் புரிந்துகொள்வார்கள். மூன்று நான்கு லிட்டர் எண்ணெயைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை. சுற்றிலும் இருபது சொச்சம் சின்ன போல்ட். அசையும் பாகம் எதுவும் கிடையாது. காரிலேயே ரொம்ப எளிமையான பொருட்களில் ஒன்று என்று சொல்லிவிடலாம்.

ரோட்டில் கிடந்த கல்லோ, உயரமான வேகத்தடையோ அடித்துவிட்டால் அது நசுங்கும் அல்லது ஒழுகும். போல்ட்டைக் கழட்டி, பழசை எடுத்துப்போட்டு, புதுசை மாட்டினால் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் பல கார்களின் மேனுவலைத் திறந்து பார்த்தால் கதை வேறு. முதலில் எஞ்சின் மவுண்டைக் கழட்டு. எஞ்சினை மேலே தூக்கு. இடையில் கட்டை வை. அப்புறம்தான் பேன் பக்கம் போ.

ஒரு தகரத் தட்டுக்காக ஒரு எஞ்சினையே தூக்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது? யாரோ ஒரு டிசைனர் யோசிக்காமல் செய்த வேலை இல்லை இது. பின்னால் நூற்று முப்பது வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. காரே இல்லாத காலத்தில், ரயில் அச்சில் தொடங்குகிறது.

எண்ணெய் கீழே போன கதை

நீராவி எஞ்சின் காலத்தில் எண்ணெய் மேலிருந்து சொட்டியது. பேரிங்குக்கு மேலே ஒரு சின்னக் கிண்ணம், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும், வேலை செய்யும், ஒழுகிப் போகும். போனது போனதுதான். ஆரம்பகால கார்களிலும் இதே ஏற்பாடு. டாஷ்போர்டில் கண்ணாடிக் குழாய் வைத்து, சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார்கள்.

1880-களில் பிரிட்டனின் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம், உராய்வை ஆராய பொசாம்ப் டவர் என்பவரை நியமித்தது. ரயில் அச்சு பேரிங் மாதிரி ஒன்றை அமைத்து அவர் சோதனை செய்தார். பல வழிகளில் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார். அச்சின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் முங்கியபடி சுற்றும்போதுதான் உராய்வு மிகக் குறைவாக இருந்தது. நம்ம ஆயில் பேனுக்கு இதை முன்னோடி என்று சொல்வேன்.

அந்தச் சோதனையில் இன்னொரு சுவாரசியமும் நடந்தது. எண்ணெய் ஊற்றுவதற்காக பேரிங்கின் தலையில் ஒரு துளை போட்டார் டவர். இயந்திரத்தை ஓட்டியதும் துளை வழியாக எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. பிரஷர் கேஜ் மாட்டினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போனது முள். பேரிங் மேல் இருந்த சராசரி சுமையே 100 பவுண்டுதான்! அதாவது, சுற்றும் அச்சு எண்ணெயைத் தானாகவே இழுத்து, ஒரு மெல்லிய படலமாக்கி, அதன் மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 1886-ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் கொடுத்தார். இன்றைக்கும் பேரிங் டிசைன் செய்பவர்கள் ரெனால்ட்ஸ் சமன்பாட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. படலம் உண்டாவது அச்சின் சுழற்சியால். ஆனால் படலம் நிலைத்திருக்க எண்ணெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். சொட்டு முறை வேகமான எஞ்சினுக்குப் போதாது. 1890-ல் பர்மிங்காமின் பெல்லிஸ் நிறுவனத்தில் இருந்த ஏ. சி. பெயின், பம்ப் வைத்து அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மூடிய பெட்டிக்குள் கிராங்க் சுற்றும். வழியும் எண்ணெய் அடியில் சேரும். அங்கிருந்து பம்ப் திரும்ப மேலே ஏற்றும். கீழே சேர்ந்த எண்ணெய் கழிவு என்பது போய், கீழே இருப்பதே கையிருப்பு என்று ஆகிவிட்டது. எண்ணெய்த் தட்டு பிறந்தது அங்கேதான்.

ஃபோர்டின் தட்டு

1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில் எண்ணெய் பம்ப்பே கிடையாது. சுற்றும் ஃப்ளைவீல் எண்ணெயை வாரி இறைக்கும். ஒரு குழாயின் வாயில் அது விழுந்து, எஞ்சினின் முன்பக்கம் போய், அங்கிருந்து சரிவில் பின்னோக்கி வழிந்து வரும். வரும் வழியில் அடித்தட்டில் சின்னச் சின்னக் குழிகள். கனெக்டிங் ராடுகள் சுற்றும்போது அந்தக் குழிகளில் முங்கி எண்ணெயைத் தெளித்துக்கொள்ளும். எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க டிப்ஸ்டிக்கும் இல்லை. அடியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்த் திருகுகள். குனிந்து மேல் திருகைத் திறந்தால் எண்ணெய் வரக்கூடாது, கீழ்த் திருகைத் திறந்தால் வரவேண்டும். அவ்வளவுதான் மீட்டர்.

செங்குத்தான மேட்டில் ஏறும்போது எண்ணெய் பின்னால் ஓடிவிடும், முன்பக்க ராடு காய்ந்து போகும். மாடல் டி-யின் தெரிந்த பலவீனம் இது. ஆனாலும் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் அந்தக் கார் தயாரானது.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது அதன் தட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பது. எஞ்சினுக்கும் கியருக்கும் சேர்த்து, ஸ்டீல் தகட்டை அச்சில் அழுத்தி எடுத்த ஒரே நீளமான தொட்டி. பஃபலோ நகரத்தில் இருந்த ஜான் ஆர். கெய்ம் ஆலை இந்த வேலையில் கைதேர்ந்தது. 1911-ல் ஃபோர்டு அந்த ஆலையையே வாங்கிவிட்டார். தொட்டியின் இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டல்கள் இருக்கும். அந்தக் கைகள்தான் காரின் சட்டத்தில் உட்காரும். எஞ்சின் உட்காருவது தட்டின் மேல்.

புரிகிறதா? எண்ணெய் பிடிக்க வந்த தட்டு எஞ்சினைச் சுமக்கும் தூணாகவும் ஆகிவிட்டது. அது வளைந்தாலோ, கை உடைந்தாலோ எஞ்சினை வெளியே எடுக்காமல் மாற்றவே முடியாது. ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுத்தால் தயாரிப்புச் செலவு குறையும், ரிப்பேர் செலவு கூடும். சாஃப்ட்வேரில் நாங்கள் கப்ளிங் என்று புலம்புவது இதையேதான்.

ஆனால் ஃபோர்டின் ஆட்கள் முட்டாள்கள் இல்லை. அந்தப் பெரிய தொட்டியின் அடியில் தனியாக ஒரு சின்ன மூடி வைத்தார்கள். அதைக் கழட்டினால் ராடு பேரிங்குகள் கைக்கு எட்டும். அன்றைய பேரிங் எல்லாம் மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றியது, அடிக்கடி இறுக்கிக் கொடுக்க வேண்டும். விவசாயி ஒருவர் காரடியில் மல்லாந்து படுத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்ய முடிந்தது. அடிக்கடி வரும் ரிப்பேருக்கு வழி விட்டு, எப்போதாவது வரும் ரிப்பேரை மட்டும் கடினமாக வைத்த கணக்கு அது.

மரத்தடியும் சங்கிலியும்

சரி, எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் யாரால் தூக்க முடியும்? அமெரிக்காவில் கார் ரிப்பேரை வீட்டிலேயே பார்ப்பவருக்கு ‘நிழல்மர மெக்கானிக்’ என்றே ஒரு பெயர் உண்டு. மரத்துக் கிளைதான் கிரேன். அதில் தொங்கும் கருவி செயின் பிளாக்.

இந்த செயின் பிளாக் காரைவிட மூத்தது. 1850-களில் இங்கிலாந்தின் தாமஸ் வெஸ்டன் உருவாக்கிய டிஃபரென்ஷியல் கப்பி அதன் முன்னோர். சீனர்கள் பழங்காலத்தில் இரண்டு விட்டம் கொண்ட உருளையில் கயிறு சுற்றிப் பாரம் தூக்கினார்கள். வெஸ்டன் கயிற்றை எடுத்துவிட்டு முடிவில்லாத சங்கிலியைப் போட்டார். மேலே ஒரே அச்சில் ஒட்டிய இரண்டு சக்கரங்கள். ஒன்றில் 10 பள்ளம், இன்னொன்றில் 9 பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று இழுத்தால் பெரிய சக்கரம் 10 கண்ணி சங்கிலியை மேலே எடுக்கும், சின்னது 9 கண்ணியைக் கீழே விடும். மிச்சம் ஒரு கண்ணி. கீழே தொங்கும் கப்பி அதிலும் பாதிதான் ஏறும். 10 கண்ணி இழுத்தால் அரைக் கண்ணி உயரம், அதாவது இருபது மடங்கு பலம்.

150 கிலோ எஞ்சினுக்குக் கணக்குப்படி ஏழரைக் கிலோ இழுப்பு போதும். நிஜத்தில் பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும். அப்படியும் 20 கிலோவுக்குள் அடங்கிவிடும், ஒற்றை ஆள் இழுக்கலாம். அந்த உராய்வு வெறும் நஷ்டமும் இல்லை. பாதிக்கு மேல் உராய்வில் போவதால்தான் கையை விட்டாலும் பாரம் கீழே இறங்குவதில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. அந்தரத்தில் எஞ்சினைத் தொங்கவிட்டு பீடி பற்ற வைக்கும் மெக்கானிக்கின் தைரியம் இந்த உராய்வில் இருக்கிறது.

இன்னொரு வழி ஹைட்ராலிக். 1795-ல் ஜோசப் பிராமாவின் பிரஸ், 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை வாங்கிய கையடக்க ஜாக்கி. இன்று மடக்கி வைக்கும் எஞ்சின் கிரேன் எல்லாம் இந்த வம்சம்தான்.

எஞ்சின் முன்னால் நகர்ந்தது

1930-கள் வரை பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் இருந்தது. 1934-ல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ எஞ்சினை முன் அச்சுக்கு மேலேயே நகர்த்தியது. பயணிகளுக்கு இடம் கிடைத்தது, குலுங்கலும் குறைந்தது. அதே வருடம் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் வந்தது. அதைத் தாங்க, சட்டத்தின் முன்பக்கம் குறுக்கே பலமான ஒரு கிராஸ் மெம்பர் தேவைப்பட்டது.

அது எஞ்சினுக்கு அடியில், ஆயில் பேனுக்கு நேர் கீழே. பேனின் ஆழமான பகுதியைக் குறுக்குச் சட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஒதுக்கி வடிவமைத்தார்கள். கார் ஓடுவதற்குப் பிரச்சினை இல்லை. கழட்டும்போதுதான் தொல்லை. எல்லா போல்ட்டையும் எடுத்தாலும் பேன் இரண்டு விரல் அளவு இறங்கி, சட்டத்தில் முட்டி நின்றுவிடும். உள்ளே எண்ணெய் பம்ப்பின் உறிஞ்சு குழாய் குறுக்கே நிற்கும். சாய்த்தும் எடுக்க முடியாது.

அதனால் வந்ததுதான் இன்றும் வீட்டில் செய்யப்படும் அந்தப் பழைய முறை. பேட்டரியைக் கழட்டி, எண்ணெயை வடித்து, தேவைப்பட்டால் எக்ஸாஸ்ட் குழாயையும் விடுவிப்பார்கள். இரண்டு பக்கமும் எஞ்சின் மவுண்ட் நட்டுகளைக் கழட்டுவார்கள். மேலிருந்து செயின் பிளாக்கிலோ, இரு ஃபெண்டர்களுக்கும் குறுக்கே வைக்கும் தாங்கு கம்பியிலோ எஞ்சினை மாட்டி, ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தூக்குவார்கள். ரேடியேட்டரில் ஃபேன் இடிக்கிறதா, ஏதாவது ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பார்க்கணும். மவுண்ட் இடைவெளியில் கட்டை சொருகி, எஞ்சினின் பாரத்தைக் கட்டை மேல் இறக்கியபிறகுதான் ஆள் அடியில் போகணும். கார் நிற்பதும் ஸ்டாண்டில், ஜாக்கியில் இல்லை. இந்த இரண்டு விதிக்கும் விலக்கே கிடையாது.

அப்போதும் பேன் வரவில்லை என்றால் கிராங்கைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்பார்கள். அதன் எடைக்கட்டி கீழ்நோக்கி நின்றால் வழி அடைபடும், மேல்நோக்கிப் போனால் வழி கிடைக்கும்.

சிலர் மேலே மாட்டுவதை விட்டு, ஜாக்கியை ஆயில் பேனுக்கே நேராகக் கொடுத்துத் தூக்குவதும் உண்டு. மெல்லிய தகடு உள்ளே குழியும். பேனின் அடிக்கும் உறிஞ்சு வாய்க்கும் இடைவெளி ரொம்பக் கொஞ்சம். குழி உறிஞ்சு வாயைப் போய் அடைத்தால், தட்டு நிறைய எண்ணெய் இருந்தும் பம்ப்புக்கு எண்ணெய் கிடைக்காது. டவர் கண்ட அந்தப் படலம் அறுந்துபோகும். சொட்டு ஒழுகவில்லை என்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. ஒழுகும் பேனைவிட ஒழுகாத நசுங்கல்தான் சில நேரம் எஞ்சினைக் கொல்கிறது.

1959: ஒரே வருடம், இரண்டு கார்

பிரிட்டனில் 1959-ம் வருடம் இந்தக் கதையின் திருப்பம். ஏப்ரலில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. ஆகஸ்டில் மினி வந்தது.

ஹெரால்டில் பழைய மாதிரி தனிச் சட்டம். இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த உடல். பானெட்டோடு இரண்டு பக்க ஃபெண்டர்களும் சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கலாம். இந்தக் காரை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் தயாரித்தார்கள் என்பது நம் ஊர் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும்.

மினியில் அலெக் இசிகோனிஸ் செய்தது நேர் எதிர். பத்தடி நீளக் காரில் நாலு பேர் உட்கார வேண்டும். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பாக்ஸுக்கு இடமில்லை. அதைத் தூக்கி ஆயில் சம்ப்புக்குள்ளேயே வைத்துவிட்டார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். கியரிலிருந்து உதிரும் இரும்புத் துகளைப் பிடிக்க வடிகால் திருகில் ஒரு காந்தம். மேதைமை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணெய்த் தட்டுக்கு இப்போது மூன்றாவது வேலை வந்துவிட்டது. அடியில் உடைந்தால் உடைவது தகரம் அல்ல, கியர்பாக்ஸின் வார்ப்பு. எஞ்சினையும் கியரையும் சேர்த்து வெளியே தூக்கியாக வேண்டும். 1964, 1965, 1967-ல் மான்டி கார்லோ ராலியை ஜெயித்த மினிகளின் அடியில் கெட்டியான சம்ப் கார்டு மாட்டியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மினியில் இருந்தது 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் அறிமுகமான அதே ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம். ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரிலும் அதே குடும்பம்தான், ஆனால் அங்கே சாதாரண ஸ்டீல் சம்ப். விமானப்படையில் ஏடனில் இருந்த ஜான் ஹேய்ன்ஸ், நண்பரின் ஸ்பிரைட்டைப் பிரித்து மாட்டும்போது படிப்படியாகப் படம் எடுத்தார். 1966-ல் வந்த முதல் ஹேய்ன்ஸ் மேனுவல் அந்த ஸ்பிரைட்டைப் பற்றியது. வீட்டில் எஞ்சினைத் தூக்கும் ஒரு தலைமுறையையே அந்தப் புத்தக வரிசை உருவாக்கியது.

தட்டு விடுதலை ஆனது, மறுபடி மாட்டிக்கொண்டது

மினியின் முடிச்சை அவிழ்த்தவர் ஃபியட்டின் தாந்தே ஜியாகோசா. எஞ்சின் குறுக்காகவே இருக்கட்டும், கியர்பாக்ஸை அடியில் வைக்காமல் எஞ்சினின் ஓரத்தில் ஒட்டவைத்தால் என்ன? அப்படிச் செய்தால் இரண்டு சக்கரத்துக்கும் போகும் அச்சுகள் சம நீளத்தில் இருக்காது. பரவாயில்லை என்று விட்டார். 1964-ல் ஆட்டோபியாங்கி ப்ரிமுலா, 1969-ல் ஃபியட் 128. உலகம் இசிகோனிஸை வணங்கிவிட்டு ஜியாகோசாவைப் பின்பற்றியது. நம் ஊருக்கு 1983-ல் வந்த மாருதி 800 முதல் இன்றைய சின்னக் கார்கள் வரை பெரும்பாலும் இந்த அமைப்புதான். ஆயில் பேன் மறுபடி வெறும் தட்டு ஆனது. இந்த வகைக் கார்கள் பலவற்றில் எஞ்சினைத் தூக்காமலே அதை மாற்ற முடிகிறது.

ரொம்ப நாள் நீடிக்கவில்லை. எஞ்சின் அதிர்வைக் குறைக்க வேண்டும், எடையையும் குறைக்க வேண்டும். பல எஞ்சின்களில் தகரத்துக்குப் பதில் அலுமினிய வார்ப்பு வந்தது. எஞ்சினின் அடியை இறுக்கிப் பிடிக்கும், கியர்பாக்ஸோடும் போல்ட்டால் சேர்ந்திருக்கும். தகரம் அடிபட்டால் நசுங்கும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அடிபட்டால் விரியும், மாற்றத்தான் வேண்டும். கார்க் பேக்கிங் இருந்த இடத்தில் சிலிக்கான் பசை வந்தது. ஒழுகல் குறைந்தது, கழட்டுவது கஷ்டமானது.

ஃபோர்டு தொடங்கி இன்று வரை திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். கீழே இருக்கும் அந்தத் தட்டுக்கு இன்னும் ஒரு வேலை கொடுத்தால் கார் இலேசாகும், விலை குறையும், இடம் கிடைக்கும். அந்த லாபம் வாங்கும் நாளிலேயே எல்லோருக்கும் கிடைக்கிறது. நஷ்டம் பத்து வருடம் கழித்து, கல்லில் இடித்த ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது. அவர் அநேகமாக இரண்டாவது அல்லது மூன்றாவது உரிமையாளராக இருப்பார். டிசைன் மேசையில் அவருக்காகப் பேச ஆள் இல்லை.

எலெக்ட்ரிக் கார் வந்தால் ஆயில் பேனே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே இடத்தில், காரின் அடிவயிற்றில், இப்போது பேட்டரி இருக்கிறது. சில கார்களில் பேட்டரிப் பெட்டியே காரின் தளம். டெஸ்லா மாடல் ஒய்-யின் ஒரு வகையில் இருக்கைகளே அதன் மேல் மாட்டப்பட்டிருக்கின்றன. அதே கல், அதே வேகத்தடை, அதே இடம். தட்டின் விலை மட்டும் எங்கேயோ போய்விட்டது. மரக்கிளையில் செயின் பிளாக் மாட்டி இதை இறக்கிப் பார்க்க முடியாது.

ஃபோர்டின் ஆட்கள் அந்தப் பெரிய தொட்டியில் ஒரு சின்ன மூடி வைத்தார்களே, அதை மட்டும் இன்றைய டிசைனர்கள் திரும்பிப் பார்த்தால் போதும். தட்டுக்கு எத்தனை வேலை வேண்டுமானாலும் கொடுங்கள். அடிபடும் மேல்தோலையாவது தனியாகக் கழட்டி மாற்றும்படி வையுங்கள். புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் மைலேஜ் கேட்பதோடு சேர்த்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அடியில் அடிபட்டால் எதை மாற்றணும், அதற்கு எதையெல்லாம் கழட்டணும்?